ஒரு போன்கூட இல்லை, சார்

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டபோது மங்கையர்க்கரசியின் மேஜைமேல் பதினெட்டு செல்போன்கள் இருந்தன.

ஒன்பதாம் வகுப்பின் தமிழ்ப் பிரிவு முழுவதும் மேஜையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. அப்பாவின் போன், மாமாவின் போன், ரப்பர் பேண்ட் போட்டு உயிரைப் பிடித்துவைத்த போன், அண்ணன் தூங்கும்போது எடுத்து வந்த போன். எல்லாவற்றிலும் கேம்பல் பே கடற்கரையின் படங்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டருகே கடல் எதுவரை வருகிறது என்று படமெடுத்து வரவேண்டும்; எல்லாப் படங்களையும் சேர்த்து வைத்துக் கரையை வரையவேண்டும். அதுதான் அன்றைய பாடம். அட்லஸில் இருந்தது சுனாமிக்கு முந்தைய கரை. தீவு தாழ்ந்து அந்தக் கரை தண்ணீருக்குள் போய் ஒன்பது வருடமாகியும், அட்லஸ் போடுகிறவர்களுக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

"மேடம், ஆபீசர் வந்துட்டாரு!" ஜன்னலோரம் நின்ற கௌதம் கத்தினான்.

"போடா. அவர் வியாழக்கிழமை கப்பல்லதானே வர்றார்?"

"இன்னைக்கே ஹெலிகாப்டர்ல வந்துட்டாரு மேடம். ஜீப்பு இந்தப் பக்கம்தான் திரும்புது."

மங்கையர்க்கரசி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். வளாகத்துக்குள் மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது, கண்டால் வகுப்பாசிரியரே பொறுப்பு என்ற சுற்றறிக்கை அவள் தலைக்கு மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவளும் அவள்தான்.

வேறு யாராவது வந்தால்கூடச் சமாளித்துவிடலாம். வந்திருப்பவர் தேவேந்திரன். கல்வி இலாகாவில் இடமாற்றக் கோப்பெல்லாம் அவர் மேஜைக்குத்தான் போகும். அவள் கணவன் ஜெயமணி போர்ட்பிளேரில் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கல்யாணமாகி நான்கு வருடத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து அதிகம் பார்த்தது கப்பல் டைம்டேபிளைத்தான். அவன் லீவு போட்டால் கடல் கொந்தளிக்கும். அவள் டிக்கெட் எடுத்தால் கப்பல் பழுதாகும். போர்ட்பிளேருக்கு மாற்றல் கேட்டு அவள் எழுதிய மனு மூன்றாவது முறையாக அந்த மேஜையில் கிடக்கிறது. தேவேந்திரன் ஒரு கையெழுத்துப் போட்டால் அவளுக்கு ஒரு வீடு உண்டு. போடாவிட்டால் ஒரு புருஷனின் குரல் மட்டும் உண்டு, அதுவும் டவர் கிடைக்கிற நாளில்.

"எல்லாத்தையும் எடுங்க! பைக்குள்ள போடுங்க!"

"பையைச் செக் பண்ணுவாங்க மேடம்" என்றாள் முதல் பெஞ்ச் தமிழரசி. அவளுக்கு எப்போதும் நிதானம் அதிகம். "போன வருசம் அப்படித்தான் பண்ணாங்க."

மங்கையர்க்கரசி சுற்றிலும் பார்த்தாள். அலமாரிக்குக் கதவில்லை. மூலையில் சிவப்பாக ஒரு தகரப் பெட்டி இருந்தது. சுனாமிக்குப் பிறகு எல்லாப் பள்ளிக்கும் கொடுத்த பேரிடர்ப் பெட்டி. உள்ளே கயிறு, டார்ச், பிஸ்கட் பாக்கெட்டுகள். கடைசியாக அதைத் திறந்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை.

"பெட்டிக்குள்ள!"

பிஸ்கட்டுகளின் மேல் போன்கள் மளமளவென்று விழுந்தன. தன்னுடையதையும் அவளே கடைசியாகப் போட்டாள்.

"ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடவா மேடம்?" கௌதம் கேட்டான்.

"இங்க என்னைக்குடா டவர் கிடைச்சிருக்கு? மூடு, மூடு!"

அவள் சொன்னதில் தப்பில்லை. பள்ளிக்கூடம் இருந்த தாழ்வில் ஒரு கோடு சிக்னல்கூட எட்டிப் பார்க்காது. போன் பேச வேண்டுமானால் ஊரே டவர் மேட்டுக்குத்தான் ஏறும். அங்கே போய் நின்றால்தான் அதுவரை தேங்கிக் கிடந்த செய்திகள் வந்து சேரும். இந்த வாரம் மழையில் பாதை சேறாகிக் கிடந்ததால் அந்தப் பக்கம் யாருமே போகவில்லை.

பெட்டியின் கொண்டி விழவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

முன்னால் வந்தவர் பிரின்சிபால் மண்டல். பெங்காலி. இருபது வருடத் தீவு வாழ்க்கையில் நான்கு மொழிகளைக் கலந்து அதை ஒரே மொழி என்று நம்பிப் பேசுகிறவர். அவருக்குப் பின்னால் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு தேவேந்திரன். கடைசியில் அவருடைய பையைச் சுமந்தபடி பியூன் முருகையா.

தேவேந்திரன் உட்காரவில்லை. வகுப்பை ஒரு சுற்று பார்த்தார். முதல் கேள்வியே நெஞ்சில் வந்து குத்தியது.

"இந்த கிளாஸ்ல பிள்ளைங்ககிட்ட போன் இருக்கா?"

"ஐயோ, இல்ல சார்."

"ஒண்ணுகூடவா?"

"ஒரு போன்கூட இல்ல, சார்."

அவர் பெருமூச்சு விட்டார். குனிந்து ஒரு பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். இன்னொரு பெஞ்சுக்கு அடியிலும் பார்த்தார். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று மங்கையர்க்கரசிக்கு உறுதியாகிவிட்டது. இருக்காதா பின்னே? அவள் வீட்டில் அவித்த முட்டையின் ஓட்டை மெல்ல உடைத்து, 'இதோ, இந்தத் துண்டுங்கதான் பூமித் தட்டு, ஒண்ணு நகர்ந்தா இன்னொண்ணு மேல ஏறும் பாருங்க' என்று பேசி, கையும் முட்டையும் மட்டும் தெரியப் போனில் பதிவு செய்த பாடம் புளூடூத்தில் வகுப்பைத் தாண்டி, ஊரைத் தாண்டிப் போய்விட்டது. பஜாரில் ராக்கப்பன் கடையில் சிப்பில் பாட்டு ஏற்றப் போகிறவர்களிடம் அவன், "கூடவே டீச்சரோட முட்டைப் பாடமும் ஏத்தவா? ஃப்ரீதான்" என்று கேட்கிறானாம். கப்பலேறும் பையன்கள் எல்லாரும் அந்த சிப்பைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

தேவேந்திரன் சட்டென்று திரும்பினார்.

"உங்க குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேனேம்மா."

மங்கையர்க்கரசி இருமினாள். பலமாக, கண்ணில் நீர் வரும்வரை இருமினாள். மறுபடி பேசியபோது தகரத்தில் ஆணி தேய்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"தொண்டை கட்டியிருக்கு, சார்."

கௌதம் வாயைப் பிளந்தான். "மேடம் இப்பத்தானே நல்லா..."

தமிழரசி அவன் காலை மிதித்தாள்.

"அச்சா, அச்சா" என்றார் தேவேந்திரன். "கஷ்டப்பட வேண்டாம். கொஞ்சம் பாடம் மட்டும் நடத்திக் காட்டுங்க."

அவள் அட்லஸை எடுத்தாள். கைபேசியின் வாடையே இல்லாத, சுத்தமான, செத்த பாடம் ஒன்றைக் கரகரத்த குரலில் நடத்தினாள். "இது நம்ம தீவு. இது தெற்குக் கரை. எல்லாரும் பார்த்து எழுதுங்க." பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழக்க தோஷம் கௌதமைச் சும்மா விடவில்லை. கையைத் தூக்கினான்.

"சார், அந்தக் கரை இப்ப இல்ல சார். தண்ணிக்குள்ள போயிருச்சு."

தேவேந்திரன் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. வேகமாக அவனிடம் வந்தார். "அப்படியா? உனக்கு எப்படித் தெரியும்? எதுலயாவது பார்த்தியா?"

பையனை அமுக்கி விசாரிக்கிறார் என்று மங்கையர்க்கரசி நினைத்தாள்.

"நேர்ல பார்த்தோம் சார்" என்றாள் தமிழரசி. "நடந்து போயி."

வெளிச்சம் அணைந்தது. "டீக் ஹை" என்றார் அவர். திரும்பப் போனவர் மூலையில் இருந்த சிவப்புப் பெட்டி முன்னால் நின்றார். "இதுல என்ன இருக்கு? திறங்க, பார்க்கலாம்."

மங்கையர்க்கரசியின் மூளை அப்போது செய்த வேலையை அவள் பிறகு பலநாள் வியந்ததுண்டு.

"அதை டிரில் நடக்கும்போது மட்டும்தான் சார் திறக்கணும். ரூல்."

"அப்படி ஒரு ரூலா?" தேவேந்திரன் பிரின்சிபாலைப் பார்த்தார்.

ரூல் என்ற சொல்லை மறுத்துப் பழக்கமில்லாத மண்டல், "ஹாங் சார், பில்குல் ரூல்" என்றார்.

"அப்ப டிரில்லை நடத்துங்க. மேல போய்த் திறந்து பார்ப்போம்."

மேலே என்றால் டவர் மேடு. ஒத்திகையானாலும் நிஜமானாலும் இந்தப் பள்ளிக்கூடம் ஓடவேண்டிய இடம் அது ஒன்றுதான்.

முருகையாவும் வாட்ச்மேனும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். முருகையாவின் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் வெட்ட வந்தவர். முருகையாவுக்குச் சுமை புதிதல்ல. ஆனாலும் அவர் புருவம் உயர்ந்தது.

"என்னா மேடம், பிஸ்கட்டு இம்புட்டு கனக்குது?"

"ஈரம், முருகையா. ஈரம் ஏறியிருக்கும்."

"ஈரம் கலகலங்குமா?"

"பேசாம தூக்குங்க!"

மண்டல் கைப்பிடி வைத்த சைரனை அவளிடம் கொடுத்தார். ஒத்திகைக்கு சைரன் சுற்றுவது வகுப்பாசிரியர் வேலை. "மேடம், யாத் ரக்கியே, ஞாபகம் இருக்கட்டும், மேல போனதும் விட்டு விட்டு ஊதணும். ருக் ருக் கே. நிறுத்தாம ஊதினா நிஜம். பஜார் பூரா மேல வந்துடும். கோயி கட்பட் நஹீ, குழப்பம் கூடாது!"

"தெரியும் சார்." அது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

வரிசை சேற்றில் ஏறத் தொடங்கியது. மங்கையர்க்கரசி பெட்டியின் பக்கத்திலேயே, பிரசவ வேதனையில் இருப்பவளைக் கூட்டிப் போகிறவள் மாதிரி நடந்தாள். முதல் வளைவில் நின்றாள்.

"சார், இதுவே போதுமான உயரம் சார்."

"நோ நோ" என்றார் மண்டல். "அன்னிக்கு இந்த மரம் வரைக்கும் பானி வந்துச்சு. மேல."

இரண்டாம் வளைவில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சுளுக்கு, சார்."

"அடடா" என்றார் தேவேந்திரன். "பரவாயில்ல, நடக்க முடியாதவங்களை எப்படித் தூக்கிட்டுப் போறீங்கன்னும் பார்த்துடலாம்." நான்கு மாணவிகள் உற்சாகமாக ஓடி வந்தார்கள். சுளுக்கு உடனே சரியாகிவிட்டது.

மூன்றாம் வளைவு திரும்பும்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது.

எல்லோரும் நின்றார்கள். அது கௌதம் மாமாவின் போன். மெசேஜ் வந்தால் கூவும்.

"என்ன அது?" என்றார் தேவேந்திரன்.

"மெகாபோட், சார். இங்கத்த காட்டுப் பறவை."

"மெகாபோடா?" அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அது சேவல் மாதிரிக் கூவுமா? எல்லாரும் அசையாம நில்லுங்க. கேட்போம்."

வரிசை முழுவதும் மூச்சுக்கூட விடாமல் நின்றது. கடல் காற்று நின்றது. அந்த அமைதியில் பெட்டிக்குள் ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

"அது குரங்கு, சார்" என்றாள் தமிழரசி. "இங்க குரங்கு ஜாஸ்தி."

முருகையா பெட்டியைப் பார்த்தார். மங்கையர்க்கரசியைப் பார்த்தார். வேகமாக ஏறினார். அவர் நல்லெண்ணத்தில்தான் ஏறினார். மேலே போகப் போக சிக்னல் கூடும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மேட்டு உச்சியில் பெட்டியை இறக்கியதும், ஒரு வாரச் செய்திகள் மொத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ ஆரம்பித்தன. அப்போது மங்கையர்க்கரசி சைரனின் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள்.

ஊ... என்று அது எழுந்து காட்டின்மேல் விரிந்தது. அவள் எண்ணி நிறுத்தினாள். நிறுத்திய இடைவெளியில் சேவல், குழந்தை, கோயில் மணி, ஒரு பெண் குரலில் 'மெசேஜ் ஆயா ஹை'. தேவேந்திரன் காதைத் திருப்பினார். அவள் மறுபடி சுற்றினாள். நிறுத்தினாள். இப்போது தவளை, ரயில், புல்லாங்குழல், ஒரு நாய். அவர் பெட்டியை நோக்கி ஓர் அடி வைத்தார்.

அவள் சுற்றினாள். நிறுத்தவில்லை.

"மேடம், ருக்கியே!" மண்டல் கையை ஆட்டினார். "மேடம், பஸ், பஸ், போதும்!"

கை வலித்தது. தோள் வலித்தது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள். ஹேடோவில் கிரேன்மேல் உட்கார்ந்திருக்கும் ஜெயமணி தெரிந்தான். மாலையில் வீட்டுக்கு வந்து அவளோடு உட்கார்ந்து டீ குடிப்பவனாகத் தெரிந்தான். அந்த டீ ஆறிவிடாமல் இருக்கச் சுற்றினாள்.

கண்ணைத் திறந்தபோது பஜார் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

முன்னால் வந்தவன் ஒரு கன்னத்தில் மட்டும் ஷேவிங் நுரையோடு வந்தான். அவனுக்குப் பின்னால் கத்தியோடு சவரக்கடைக்காரர் வந்ததால் பார்ப்பதற்குத் துரத்தி வருவது போலிருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பஞ்சாபிப் பெரியவர் துண்டோடு ஏறினார். ராக்கப்பன் கடையிலிருந்த அத்தனை சிப்பையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தான். மெஸ் நடத்தும் சொர்ணம்மா கையில் பிரஷர் குக்கர். மேட்டுக்கு வந்து சேர்ந்ததும்தான் அது மூன்றாவது விசிலை அடித்தது.

எல்லோர் கையிலும், வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் தயாராக இருக்கிற அந்தத் துணி மூட்டையும் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சொர்ணம்மா குக்கரைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லோரும் கடலைப் பார்த்தபடி நின்றார்கள்.

மங்கையர்க்கரசியின் கை தானாக நின்றது. 'ஒத்திகைதான், ஒண்ணுமில்ல, எல்லாரும் போங்க' என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பொய்யாகக் கட்டிய தொண்டை நிஜமாகவே கட்டிப்போயிருந்தது.

"டிரில்! டிரில்தான்!" அவள் முகத்தைப் பார்த்துக் கௌதம் கத்தினான். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். மண்டல் நான்கு மொழியிலும் கத்தினார்.

பிறகு சொர்ணம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"ஏம்மா டீச்சரு, உனக்கு விட்டு விட்டு ஊதத் தெரியாதா? பருப்பைப் பாதியில தூக்கிட்டு ஓடியாந்தேன். எனக்கு இருக்குற முட்டிக்கு இந்த மேடு ஏறுற மேடா?"

"என் மீசை?" என்றான் நுரைக்காரன். ஓட்டத்தில் அதில் பாதி போயிருந்தது.

மங்கையர்க்கரசி கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துச் சொர்ணம்மா குரலை இறக்கினாள். "சரி விடு. தண்ணி வரலல்ல, அது போதும். வெந்துருச்சு போல. ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிட்டுப் போங்க."

பெட்டி அமைதியாகிவிட்டது. வரவேண்டிய செய்திகள் எல்லாம் வந்து முடிந்திருந்தன. ஊர் அடித்துப்பிடித்து ஏறியதைப் பார்த்த திகைப்பிலிருந்து மீண்ட தேவேந்திரன், அதைத் திறக்கச் சொன்னதையே மறந்துவிட்டார்.

"மண்டல் சார், இவ்வளவு சீக்கிரமா ஒரு ஊரே மேல ஏறி நான் பார்த்ததில்ல. டிரில் பிரமாதம்."

"தேங்க்யூ சார்" என்றார் மண்டல், அழலாமா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு.

கீழே வந்ததும் தேவேந்திரன் புறப்பட்டுவிட்டார், ஹெலிகாப்டர் காத்திருந்தது. வகுப்பு வாசலில் வந்து நின்று விடைபெற்றார். "தொண்டையைப் பார்த்துக்கோங்கம்மா." போகத் திரும்பியவர் மறுபடி நின்றார். பிள்ளைகளை ஒரு முறை, அவளை ஒரு முறை பார்த்தார். எதையோ கடைசியாக ஒரு முறை தட்டிப் பார்ப்பவர் போலக் கேட்டார்.

"நிஜமாவே ஒரு போன்கூட இல்லையா?"

"சத்தியமா இல்ல, சார்."

தலையை ஆட்டிக்கொண்டே போனார். பையைச் சுமந்துகொண்டு முருகையா பின்னால் போனார்.

ஜீப் சத்தம் தேய்ந்ததும் வகுப்பு வெடித்தது. பெட்டியைத் திறந்து போன்களை எடுத்தார்கள். கௌதம் சேவலைக் கூவவைத்தான், எல்லாரும் "மெகாபோட்!" என்று கத்தினார்கள். மங்கையர்க்கரசி நாற்காலியில் சாய்ந்து, வெந்நீர் குடித்து, மெல்லத் திரும்பிவந்த தன் சொந்தக் குரலில் பல வாரங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஆபீசர் வாயால் 'பிரமாதம்' வந்துவிட்டது. போன் எதுவும் அகப்படவில்லை. தலைக்குமேல் ஹெலிகாப்டர் கடந்துபோனபோது ஜன்னலில் போய் நின்று அதற்குக் கையசைத்தாள். கையெழுத்து விழுந்த மாதிரிதான் என்று நினைத்தாள். ஜெயமணியிடம் வீடு பார்க்கச் சொல்லவேண்டும். சாயங்காலம் மேட்டுக்கு ஏறவேண்டும்.

ஹெலிபேடிலிருந்து திரும்பிய முருகையா வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"பாவம் மேடம் அந்த ஐயா. முட்டையை ஒடைச்சிக் காட்டி யாரோ ஒரு டீச்சரு நடத்துன பாடம் இங்கருந்து போன சிப்பு மூலமா போர்ட்பிளேர்ல அவரு மக போன்ல இருந்திச்சாம். அந்த டீச்சரைக் கையோட அங்க மாத்திக்கிட்டுப் போயி, எல்லாப் பள்ளிக்கொடத்துலயும் போன்ல பாடம் நடத்த வைக்கத்தான் இம்புட்டு தூரம் வந்தாராம். 'எதுக்கு வர்றேன்னு முன்னாலயே சொன்னா நடிப்பாங்கன்னு சொல்லாம வந்தேன், இங்க ஒரு போன்கூட இல்ல, அந்தக் கொரலும் இல்ல'ன்னுட்டு ஏறிப் போயிட்டாரு."